நனைந்த பொதியைக் கீழே வைத்தவர்கள்



நிவாரணக் குழுவின் கெப்புக்கு ஒரு மூடி வாங்குவதா இல்லையா, வாங்கினால் எதை வாங்குவது என்று எங்கள் ஊர் வட்ஸ்அப் குழுமத்தில் மூன்று கிழமையாகச் சண்டை. "ஒரு படங்குக்கு இவ்வளவு கதையா சேர்? இத பெரிசாக்காதீங்க" என்று ஒரு ஹாஜியார் வொய்ஸ் மெசேஜ் போட்டிருந்தார். மன்னிக்க வேண்டும் ஹாஜியார், பெரிசாக்கத்தான் போகிறோம். பதிவு நீளம். நேரமில்லாதவர்கள் கடைசிப் பந்தியை மட்டும் வாசித்துவிட்டு வெள்ளிக்கிழமை பள்ளிக்கு வாருங்கள்.

முதலில் நடந்ததைச் சொல்ல வேண்டும். இந்தக் குழுமத்தில் யாரும் அதைச் சொல்லவில்லை. நாங்களும் இதுவரை சொல்லவில்லை.

2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி வந்தபோது எங்கள் மாவட்டம் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். நாடு முழுக்க 600க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. மலைப்பக்கம் மண் சரிந்து பாதைகள் அடைபட்டன. ஊர் நல்ல மனசோடு அள்ளிக் கொடுத்தது, அதை மறுக்கவில்லை. அரிசி, பருப்பு, சீனி, மா, பால்மா என்று நூற்றுச் சொச்சம் உலர் உணவுப் பொதிகள் சேர்ந்தன. எங்கள் வகுப்புப் பிள்ளைகள் தங்களிடம் இருந்த புதுக் கொப்பிகளைக் கொண்டு வந்து, முன்னட்டையில் தங்கள் பெயரையும் எழுதித் தந்தார்கள், வாங்கும் பிள்ளைக்குத் தரும் பிள்ளையின் பெயர் தெரியட்டும் என்று. டிசெம்பர் முதல் கிழமை, ளுஹர் தொழுதுவிட்டு, இரத்தோட்டைக்கு அப்பால் மலையில் உள்ள ஒரு தோட்டத்துக்குப் புறப்பட்டோம்.

மூடுவதற்கு என்ன இருந்தது? ஒரு கல்யாண வீட்டில் சமையல் கொட்டகைக்குக் கட்டிய நீலப் படங்கு. ஒரு மூலையில் வளையம் பிய்ந்திருந்தது. "வானம் வெளிச்சிட்டிச்சு நானா, ஒண்டும் ஆகாது, படங்கு ஈக்கிதானே" என்றார் எங்களில் ஒருவர். மற்றவர்கள் தலையாட்டினோம். நைலோன் கயிறால் நாலு இழுப்பு இழுத்துக் கட்டினோம். இரத்தோட்டை வரை வெயில். அதற்கு மேல் ஏறத் தொடங்கியதும் மழை. டிசெம்பரில் நக்கிள்ஸ் பக்கம் மழை பெய்யும் என்பது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும், வடகீழ்ப் பருவக்காற்று என்று நாங்களே கரும்பலகையில் எழுதிக் கொடுக்கிற விசயம்.

தோட்டத்தில் போய்த் திறந்து பார்த்தால் மேல் அடுக்கு பெரிதாக நனையவில்லை. கீழ் அடுக்குத்தான் ஊறிப்போய்க் கிடந்தது. படங்கின் நடுவில் குளம் கட்டி நின்ற தண்ணீர் வளைவுகளில் முன்னும் பின்னும் வழிந்து, பின்கதவு இடுக்கால் உள்ளே இறங்கித் தரையில் தேங்கியிருந்தது. மா கட்டிபட்டிருந்தது. சீனிப் பைகள் பிசுபிசுத்தன. கொப்பிகள் இரண்டு மடங்கு வீங்கியிருந்தன. பிள்ளைகள் எழுதிய பெயர்கள் நீல மையாகக் கரைந்து ஓடியிருந்தன.

அடுத்து நாங்கள் செய்ததுதான் இந்தப் பதிவுக்குக் காரணம். இருட்டப் போகிறது, பாதை மோசம், சனம் வரிசையில் நிற்கிறது. காய்ந்த பொதிகளை எடுத்து மேலே அடுக்கினோம். நனைந்தவற்றைக் கீழே வைத்தோம். முதலில் வந்தவர்களுக்குக் காய்ந்தது கிடைத்தது. போட்டோவிலும் அதுதான் விழுந்தது. வரிசையின் கடைசியில் நின்றவர்களுக்கு, வேகமாக வர முடியாத வயசாளிகளுக்கு, நனைந்தது. ஒரு அம்மா பையைக் கையில் வாங்கியதும் அதன் கனத்திலேயே விளங்கிக்கொண்டு திறந்து பார்த்தார். எங்களைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பையை மறுபடி முடிந்துகொண்டு, "நல்லா இருங்க ஐயா" என்றுவிட்டு லயத்துப் பக்கம் நடந்தார்.

திரும்பி வரும் வழியில் கெப்புக்குள் யாரும் பேசவில்லை. மறுநாள் பேஸ்புக்கில் எழுபது படங்கள் போட்டோம். மாஷா அல்லாஹ் என்று நானூறு பேர் எழுதினீர்கள்.

ஸஹீஹ் முஸ்லிமில் வரும் அந்தச் சம்பவம் நம் எல்லோருக்கும் மனப்பாடம். சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விடுகிறார்கள், விரலில் ஈரம் படுகிறது. என்ன இது என்று கேட்டால், மழை பட்டுவிட்டது என்கிறார் வியாபாரி. அப்படியானால் நனைந்ததை மேலே வைத்திருக்கலாமே, மக்கள் பார்க்கட்டுமே என்று கேட்டு, ஏமாற்றுகிறவர் நம்மைச் சேர்ந்தவரல்ல என்று முடிக்கிறார்கள். குத்பாவில் எத்தனை தடவை கேட்டிருப்போம். மிளகு வியாபாரிகளுக்கு, அரிசிக் கடைக்காரருக்குச் சொல்லும் ஹதீஸ் என்று நினைத்துக்கொண்டு கேட்டிருப்போம். அந்த வியாபாரி மழைக்காகக் கண்டிக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். நனைந்ததைக் கீழே வைத்ததற்காகத்தான் கண்டிக்கப்பட்டார். அவர் செய்ததை அப்படியே நாங்கள் செய்தோம். அவரைவிடவும் ஒரு படி கீழே நாங்கள். அவர் விற்றார், வாங்குகிறவர் பேரம் பேசலாம், வேண்டாம் என்று போகலாம். எங்களிடம் வாங்கியவர்களுக்கு அந்த வழியும் இல்லை.

"மழை அல்லாஹ்வின் நாட்டம், அதுக்கு நாங்க என்ன செய்யிற" என்று குழுமத்தில் எழுதிய சகோதரர் தன் மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு ஒழுங்காக உறை போடுகிறார். கடையை மூடும்போது வாசலில் உள்ள மிளகுச் சாக்கை உள்ளே இழுத்து வைக்கிறார். தன் பொருளுக்கு முயற்சி, ஊர் தந்த அமானிதத்துக்குத் தவக்குலா?

சரி, மூடிக்கு வருவோம். குழுமத்தில் மூன்று கட்சி.

முதலாவது கட்சி, பழையபடி நீலப் படங்கே போதும் என்பது. அந்த நீலப் படங்கு பொலித்தீன் நாரில் நெய்து இருபுறமும் மெல்லிய பொலித்தீன் பூசியது. புதிதாக இருக்கும்போது நடுப்பகுதியால் தண்ணீர் விடாது, உண்மை. ஆனால் வெயிலில் அந்தப் பூச்சு வெடிக்கும். மடித்த மடிப்பெல்லாம் நூலாகும். கயிறு கட்டும் வளையங்கள் ஒவ்வொன்றும் ஒரு ஓட்டை. அது கொட்டகைக்குச் செய்த பொருள். மணிக்கு 40 கிலோமீற்றரில் வளைவுப் பாதையில் அடித்துக்கொண்டு ஓடுவதற்குச் செய்ததல்ல. அதோடு கணக்கும் பாருங்கள். எங்கள் டபள் கெப்பின் பின்பெட்டி கிட்டத்தட்ட 5 அடிக்கு 5 அடி, அதாவது 2.25 சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர் தண்ணீர். 40 மில்லிமீற்றர் கொட்டினால் 90 லீற்றர். தட்டையாகக் கட்டிய படங்கின் நடுவில் ஒரு தடித்த ஆள் ஏறி உட்கார்ந்த பாரம். அது எங்காவது இறங்கத்தானே வேண்டும்?

இரண்டாவது கட்சி இளைஞர்கள். கட்டாரிலிருந்து வந்த தம்பி போனில் காட்டிய தட்டை மூடி, சுருட்டி விரிப்பது, மூன்றாக மடிப்பது, அலுமினியத்தில் ஷட்டர் மாதிரி இழுப்பது. பார்க்க அழகு. ஆனால் அந்த விளம்பரங்களை மொழிபெயர்த்துப் படியுங்கள் தம்பிமாரே. பெரும்பாலும் 'நீரைத் தாங்கும்' என்றுதான் இருக்கும், 'நீர் புகாது' என்று இருக்காது. இரண்டும் ஒன்றல்ல. உங்கள் போனில் ஐபி 67 என்று எழுதியிருந்தால் அதற்கு ஒரு பரிசோதனை இருக்கிறது, ஒரு மீற்றர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம். நாங்கள் விசாரித்த எந்தக் கெப் மூடியிலும் அப்படியொரு எண்ணைக் காணவில்லை. மடிக்கும் மூடியில் ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு ரபர் பட்டி, அது வெயிலில் சுருங்கும். ஷட்டர் மூடியில் தண்ணீர் இறங்க மூலைகளில் குழாய் வைத்திருப்பார்கள். எங்கள் ஊரில் கெப் நிற்பது பலா மரத்தடியில், அந்தக் குழாய் இரண்டு மாதத்தில் சருகால் அடைபடும்.

அதைவிடப் பெரிய பிரச்சினை உயரம். தட்டை மூடி பின்பெட்டியின் சுவரோடு சரி, ஒன்றரை அடி. அதற்கு மேலே ஒரு பொதி போனாலும் மூட முடியாது. நிவாரணத்துக்குப் போகும்போது நாங்கள் என்றைக்காவது சுவர் மட்டத்தோடு நிறுத்தியிருக்கிறோமா? இன்னொன்று, எங்கள் கெப் பழையது. 2020 முதல் 2025 பெப்ரவரி வரை வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்ததில் நாடே பழைய வண்டியைத் தைத்துத் தைத்து ஓட்டியது, எங்களுடையதும் அப்படி. இப்போது கடைக்கு வரும் மூடிகளில் நாங்கள் பார்த்தவை எல்லாம் புது மொடல்களின் அளவுக்குச் செய்தவை. நெளிந்து தட்டி எடுத்த எங்கள் பெட்டியின் விளிம்பில் அது படியாது. விரல் நுழைகிற இடைவெளி இருந்தால் மூடியின் விலை எவ்வளவாக இருந்து என்ன?

மூன்றாவது கட்சி, பைபர் கெனபி. இதை ஒரேயடியாகத் தள்ள மாட்டோம். உயரம் இருக்கிறது, பூட்டலாம், தண்ணீர் சரிந்து ஓடும். ஆனால் விலை மற்றவற்றைவிட மிக அதிகம். மஹல்லாவின் கதிரை, மேசை, தேக்சா ஏற்ற வேண்டிய நாட்களில் அதைக் கழற்ற நாலு பேர் வேண்டும். சில வேளை சந்தூக்கும் இதே கெப்பில்தான் போகிறது, மறக்க வேண்டாம். மழையில் ஒரு ஜனாஸாவை நனையவிட்டுக் கொண்டுபோன நாள் இந்த ஊருக்கு ஞாபகம் இருக்கும். அதைப் பற்றி இங்கே எழுத மனமில்லை.

மூன்று கட்சியும் மறந்த ஒன்று இருக்கிறது. தண்ணீர் மேலால் மட்டும் வருவதில்லை. ஓடும் கெப்பின் பின்னால் காற்று சுழன்று, பின்கதவு இடுக்கால் உள்ளே இழுக்கிறது. டயர் எறியும் தண்ணீரும் அதோடு வருகிறது. நம்பாதவர்கள் தம்புள்ளையிலிருந்து ஏதாவது மண் பாதையில் மூடிய கெப்பில் ஒரு பையை ஏற்றி வந்து பாருங்கள், இறக்கும்போது பை முழுக்கப் புழுதி. புழுதி வருகிற வழியால் தண்ணீரும் வரும். பின்கதவின் மூன்று பக்கமும் நல்ல ரபர் பீடிங் ஒட்டாமல், எவ்வளவு விலை மூடி போட்டாலும் கீழ் அடுக்கு நனையும். எங்களுக்கு நடந்தது அதுதான். தரையின் மூலைகளில் தண்ணீர் வெளியேற ஓட்டைகள் இருக்கின்றன. எங்கள் கெப்பில் அவற்றை யாரோ சீலைத் துணியால் அடைத்து வைத்திருந்தார்கள், புழுதி வராமலிருக்கவாம்! உள்ளே வந்த தண்ணீர் அதனால்தான் வெளியே போகவில்லை.

மிளகு ஏற்றுகிறவர்களுக்கும் இடையில் ஒரு வார்த்தை, உங்களில் பலர் இந்தக் குழுமத்தில் இருக்கிறீர்கள். காற்றுப் புகாமல் மூடினால் எல்லாம் சரி என்று நினைக்காதீர்கள். அரைகுறையாகக் காய்ந்த மிளகை இறுக்கி மூடினால் உள்ளேயே வேர்க்கும். சுடுசோற்றுப் பெட்டியின் மூடிக்குள் முத்து முத்தாக நிற்குமே, அதே கதை. நல்ல மிளகின் ஈரம் 12 வீதத்துக்குக் கிட்ட இருக்க வேண்டும், அதற்கு மேல் போகப் போகப் பூஞ்சணம். ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் மாத்தளையிலேயே இருக்கிறது, போய்க் கேட்கக் காசு இல்லை. மரக்கறிக்காரருக்கு இதற்கு நேர்மாறு. தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்துக்குப் போகிற போஞ்சியும் கோவாவும் மூச்சு விடும் பொருட்கள், காற்றோட்டமில்லாமல் மூடினால் அவிந்துவிடும். இந்த நாட்டில் மரக்கறி, பழத்தில் 30 முதல் 40 வீதம் வரை அறுவடைக்குப் பின் வீணாகிறது என்று பல காலமாகச் சொல்லப்படுகிறது. ஏற்றுகிற விதமும் மூடுகிற விதமும் அதில் ஒரு பங்கு. 2011 டிசெம்பரில் பிளாஸ்டிக் கூடையில்தான் ஏற்ற வேண்டும் என்று அரசாங்கம் சொன்னபோது தம்புள்ளையில் எதிர்ப்புக் கிளம்பியது நினைவிருக்கும். கூடைக்குக் காசு யார் கொடுப்பது, லொறியில் கொள்ளளவு குறையுமே என்ற கேள்விகள் நியாயமானவை. ஆனால் பொருளை ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது யார் பொறுப்பு என்ற கேள்வி அன்றும் நடு வீதியில் கிடந்தது, இன்றும் கிடக்கிறது.

இனி நாங்கள் சொல்வது. கெப்புக்கு வளையக் கம்பி நாலு அடித்து, நடு உயரமாக, லொறிக்குப் போடுகிற தடித்த பீவீசி சீற்றில் ஒரு ஹுட். ஓட்டோ ஹுட் தைக்கிற எந்தக் குஷன் கடையிலும் எங்கள் பெட்டியின் உண்மையான அளவுக்கு வெட்டித் தருவார்கள். பழைய வண்டிக்கு இதுதான் பொருந்தும். ஆனால் தைத்த பொருத்து ஊசித் துளையால் கசியும், அதனால் பொருத்துகளைச் சூடாக்கி ஒட்டச் சொல்ல வேண்டும். ஒட்ட முடியாத இடத்தில் மேலே ஒரு பட்டி வைத்து ஒட்ட வேண்டும். பின்பக்கச் சீலை பின்கதவுக்கு வெளியே ஒரு முழமாவது தொங்க வேண்டும், உள்ளே சொருகக் கூடாது. உள்ளே சொருகினால் வழிகிற தண்ணீரை நாமே கை பிடித்து உள்ளே அழைத்து வருகிறோம். முன்பக்கம் கெபினோடு சேரும் இடத்துக்கும் பின்கதவுக்கும் பீடிங். தரை ஓட்டைகளைத் திறந்து விடுங்கள். தரையில் இரண்டு அங்குல மரச்சட்டம் அடித்துத் தட்டு ஒன்று, தண்ணீர் வந்தாலும் பொதியைத் தொடாமல் அடியால் ஓடட்டும். எல்லாவற்றிலும் மலிவு இந்த மரத்தட்டு. எல்லாவற்றிலும் முக்கியமும் அதுதான் என்பது எங்கள் எண்ணம். அன்று அது ஒன்று இருந்திருந்தால் அந்த மா தப்பியிருக்கும்.

மூடி வாங்கினோம், முடிந்தது என்பதும் இல்லை. கொப்பி, மா, பால்மா எல்லாம் பொதிக்குள்ளும் தனியாகப் பொலித்தீனில் முடியப்பட வேண்டும். மழைத்தண்ணீர் ஒரு அடைப்பைத் தாண்டினால் இன்னொன்று இருக்கட்டும்.

காசு? இதைப் பற்றிக் கொஞ்சம் வெளிப்படையாகப் பேசுவோம். சென்ற வருடம் பள்ளி மினாராவுக்கு மின்குமிழ் மாலை போட்டோம். குழுவின் வருடாந்தக் கூட்டத்துக்குச் சஹன் சாப்பாடு போட்டோம். நிவாரணக் குழுவின் பெயரும் போன் நம்பரும் அச்சடித்த டீசேர்ட் எல்லோருக்கும் தைத்தோம், அந்தத் தோட்டத்தில் நாங்கள் நின்றதும் அதே டீசேர்ட்டில்தான். எங்கள் பெயர் நனையவில்லை, பிள்ளைகளின் பெயர்தான் கரைந்தது. ஹுட்டுக்குக் காசில்லை என்று சொல்கிறவர்கள் இந்த மூன்று பில்லையும் எடுத்து வைத்துக்கொண்டு பேசட்டும்.

"வருசத்துக்கு ரெண்டு தரம் போற பயணத்துக்கு இவ்வளவா" என்று கேட்கிறார்கள். இன்னொருவர், அவர் பெயரைச் சொல்ல மாட்டோம், "வாங்குற ஆக்கள் ஒண்டும் சொல்லல்லயே" என்று எழுதியிருந்தார். எங்களை உட்கார விடாமல் எழுத வைத்தது அந்த வரிதான். வாங்குகிறவர்கள் சொல்ல மாட்டார்கள் சகோதரரே. மண் சரிந்து வீடு போன மனிதன், தன் சமூகத்தைச் சேராத ஆட்கள் மலையேறிக் கொண்டு வந்து தருகிற பையைத் திறந்து குறை சொல்ல மாட்டான். அவன் சொல்லவில்லை என்பதை நமக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ள எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது. நனைந்த அரிசியைக் காய வைத்தால் சரி என்பவர்களுக்கும் சொல்கிறோம், காய வைக்க அந்தக் கிழமை அங்கே வெயிலும் இல்லை, முற்றமும் இல்லை. பூஞ்சணம் பிடித்த தானியத்தில் வருகிற நஞ்சு சமைத்தாலும் முழுதாகப் போகாது. ஒரு வீட்டுக்கு ஒரு கிழமைச் சாப்பாடு என்று சொல்லிக் கொடுத்தோம். எத்தனை வீட்டில் அது வாளியில் கொட்டப்பட்டது என்று கேட்கப் போக எங்களில் யாருக்கும் இன்னும் தைரியம் வரவில்லை.

அதனால் குழுவிடம் இரண்டு கோரிக்கை. ஹுட் போட்டதும் முதல் பயணம் அதே தோட்டத்துக்கு, அதே எண்ணிக்கைப் பொதியோடு. கடைசியில் நின்றவர்களிலிருந்து கொடுத்துத் தொடங்க வேண்டும், என்ன நடந்தது என்று வாயால் சொல்ல வேண்டும். படம் எடுக்கக் கூடாது. கொப்பி தந்த பிள்ளைகளிடம் நாங்கள் வகுப்பில் சொல்லிவிட்டோம். ஒரு பிள்ளை, "அப்ப என்ட பேரு அவங்களுக்குத் தெரியாதா சேர்?" என்று கேட்டாள். மறுநாள் புதுக் கொப்பி கொண்டு வந்தாள். இந்தத் தடவை பென்சிலால் எழுதியிருக்கிறாள், பென்சில் கரையாதாம்.

இன்ஷா அல்லாஹ் இந்த வெள்ளி ஜும்மாவுக்குப் பிறகு கெப் பள்ளி முற்றத்தில் நிற்கும். பழைய நீலப் படங்கை ஒரு தரம் கட்டுவோம். ஒரு குஷன் கடைக்காரர் வேறொரு கெப்பின் ஹுட்டை இரவல் தந்திருக்கிறார், அதை ஒரு தரம் கட்டுவோம். உள்ளே தரையிலும் பின்கதவு ஓரத்திலும் பத்திரிகைத் தாள் விரித்துவிட்டு, ஹவ்ளுப் பக்கமுள்ள ரபர் குழாயால் ஒவ்வொன்றுக்கும் 20 நிமிடம் மேலாலும் பின்னாலும் தண்ணீர் அடிப்போம். வீட்டில் பழைய பத்திரிகை இருந்தால் கொண்டு வாருங்கள். குழாயை நாங்கள் பிடிக்கிறோம். உள்ளே ஏறித் தாளைத் தொட்டுப் பார்த்து, ஈரமா காய்ச்சலா என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்ல வேண்டியது வொய்ஸ் மெசேஜ் போட்ட ஹாஜியார்.